பச்சைத் தட்டு

நடுராத்திரி, சுடுகாடு, வெள்ளைச் சேலை... அதெல்லாம் இதுல கெடையாது. இப்பவே சொல்லிட்டேன். சாயங்காலம் ஆறு இருபது. குலசேகரத்துல இருந்து உள்ள போனா, ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல ஒரு ரோடு. ஒரு வண்டி வந்தா எதுத்தாப்புல வாற வண்டி ஒதுங்கி நிக்கணும், அவ்வளவுதான் அகலம். ஐப்பசி மழை வேற. ரப்பருக்கு அடியில ஆறு மணிக்கே இருட்டிரும்... மரத்துல கட்டியிருக்க சிரட்டையில மழைத்தண்ணி விழும். டொப்... டொப்... உறைஞ்ச ரப்பர் ஒட்டுப்பால் நாத்தம் மூக்கத் தொளைக்கும். ஒரு மனுஷச் சத்தம் இருக்காது.

இத இப்ப ஏன் சொல்லுகேன்னா... கல்யாணக் காய் வெட்டுற நமக்கெல்லாம் புரோட்டா வாங்க கோட்டாறுக்குப் போயிருக்கான்லா யோவான்? நம்ம ஸ்மைலினுக்க பெரியம்மா மவன்? அவன் போனது உங்களுக்கு சாதாரணம். எனக்கு இல்ல. ஒரு வருஷமா அவன் எந்தக் கடையிலயும் போய் ஒரு பார்சல் வாங்கினது கெடையாது. யாரு கெஞ்சினாலும் போகமாட்டான். இன்னைக்கு அவனா எழும்பி “நான் போறேன்”னான். நான் கத்தியக் கீழ வைக்கதுக்குள்ள வண்டி கேட்டத் தாண்டியாச்சு. அவன் திரும்பி வாற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. அதான் பேசிட்டாவது இருக்கேன்.

ஏட்டி பிரீனா, விடிஞ்சா உனக்குக் கல்யாணம், உள்ள போய்ப் படு. போகமாட்டியா? செரி, இரி. நாளைக்கு கண்ணு வீங்கியிருந்தா என்னச் சொல்லப்பிடாது.

அந்த ரோட்டுக்கு உள்ள ஒரு வீடு. லீலாபாய்னு ஒரு அம்மா. வீட்டுக்காரரு சார்ஜாவுல. மவன் ஜிபின், மவ ஜாஸ்மி. புள்ளைங்க பள்ளிக்கூடம் படிக்கும்போ அப்பா ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டு வந்தாரு. உள்ள பாட்டு கேம். ரெண்டு பிளாஸ்டிக் கித்தார், ஒரு மைக், ஒரு டிரம்ஸ். கித்தார்ல கம்பி கெடையாது, கலர் கலரா அஞ்சு பட்டன். டிரம்ஸ்ல நாலு ரப்பர் தட்டு... சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. கம்பு ரெண்டு.

டிவியில பாட்டு ஓடும். கீழ நாலு பேருக்கு நாலு பாதை. பாதையில கலர் கட்டை இறங்கி வரும். எந்தக் கலர் வருதோ அத நேரத்துக்கு அமுக்கணும், அடிக்கணும். தப்பா அடிச்சா நம்ம பாதை சிவந்து சிவந்து... கடைசியில அணைஞ்சிரும். அதுக்கு அவனுவ சொல்லுகது, ‘விழுந்துட்டான்’. ஒருத்தன் விழுந்தா கொஞ்ச நேரத்துல மொத்தப் பாட்டும் நின்னு போவும்.

ஆனா விழுந்தவன எழுப்பவும் முடியும். நல்லா வாசிச்சா நமக்கு ஒரு வெளிச்சம் சேந்துக்கிட்டே வரும். அத வச்சிருக்கவன் கித்தார அப்படியே மேல பாத்து தூக்கினாப் போதும். விழுந்தவன் திரும்ப வந்திருவான். டிரம்ஸ்காரனுக்கு அது வேற மாதிரி. பாட்டுக்கு நடுவுல கொஞ்ச எடம் அவனுக்குன்னு விடும், இஷ்டம் போல அடிச்சுக்கிடலாம், கடைசியா பச்சைத் தட்டுல ஒரு அடி. அந்த ஒரு அடி போட்டா, விழுந்தவன் எழும்பிருவான்.

இந்தப் பச்சைத் தட்ட ஓர்மையில வச்சுக்கிடுங்க.

நாலு பேரு செட்டு. ஜிபின் டிரம்ஸ். யோவான் ஒரு கித்தார், அவனுக்க கூட்டாளி ஸ்ரீஜித் இன்னொண்ணு. ஜாஸ்மி பாட்டு. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு, சாப்பிட்டு, ஒரு உறக்கம் போட்டு, நாலு மணிக்குக் கூடுவாங்க. பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சது, காலேஜ் முடிஞ்சு வேலைக்குப் போன பெறவும் நிக்கல்ல. அவனுவளுக்குன்னு ஒரு சட்டம் வேற. கடைசிப் பாட்டுல யாரு விழுகானோ, அவன்தான் முக்குல போய் எல்லாருக்கும் புரோட்டா வாங்கிட்டு வரணும். அடுக்களையில இருந்து லீலாபாயம்மா கேப்பாவ, “இன்னைக்கு யாரு மக்கா போறது?” விழுந்தவன் சாவிய எடுத்துட்டு தலையத் தொங்கப் போட்டுட்டுப் போவான். ஜிபின் ரெண்டு கம்பையும் சிவப்புத் தட்டுல ஒவ்வொண்ணா வைப்பான். டொக்... டொக்... ‘கெளம்பு’ன்னு அர்த்தம். ஒரே சிரிப்பா இருக்கும்.

போறதுல கஷ்டம் என்னன்னா சால்னா. கவருல கட்டித் தருவான். ஹேண்டில்ல மாட்டினா முட்டியில இடிச்சுப் பொட்டும். பின்னால ஒருத்தன் இருந்தா மடியில வச்சுப் பிடிச்சுக்கிடலாம். ஆனா விழுந்தவன் தனியாத்தான் போகணும், அதுவும் சட்டம். ஒரு கையில சால்னா, ஒரு கையில வண்டி.

ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒரு ஐப்பசி ஞாயிறு. அதுக்கு முந்தின மூணு வாரமும் யோவான்தான் விழுந்தான், யோவான்தான் போனான். மூணு வாரமும் ஜிபின் சிரிச்ச சிரிப்பு யோவானுக்கு உள்ளுக்குள்ள கெடந்து கடுத்துது. அன்னைக்குக் கடைசிப் பாட்டு. முடியப் போற நேரம் ஒரு வேகமான எடம் வரும், அங்க ஜிபினுக்கு கை பின்னிக்கிட்டு. பாதை சிவந்துது. விழுந்துட்டான்.

“யோவானே, தூக்குலே! தூக்கு!”

யோவான்கிட்ட வெளிச்சம் நெறைய இருந்துது. கித்தார ஒரு சாண் தூக்கினாப் போதும். தூக்கல்ல. இன்னைக்கு இவன் போகட்டும்னு நெனச்சுட்டான். அவ்வளவுதான் மக்கா, வேற ஒரு துரோகமும் இல்ல. நீயும் நானும் செய்யுகதுதான்.

பாட்டு நின்னுது. ஜிபினுக்குப் புரிஞ்சு போச்சு. கோவப்படல்ல, சிரிச்சான். “வேணும்னே தூக்கல இல்லியா? செரிலே. ஒருநா நீ விழுவ. அப்ப நான் பாத்துக்கிடுகேன்.”

கம்பு ரெண்டையும் வச்சான். டொக்... டொக்... சாவிய எடுத்துட்டு மழையில இறங்கினான். மணி ஆறு இருபது.

போகும்போ ஒண்ணும் ஆகல்ல. புரோட்டா வாங்கிட்டான். திரும்பி வரும்போதான்... வளைவுல ரப்பர் தடி ஏத்தின லாரி. ஒரு கையில சால்னா. பிரேக்கப் பிடிக்க ஒரு கை போதாது.

யோவானும் ஸ்ரீஜித்தும் ஓடிப் போய்ப் பாக்கும்போ, ரோடு முழுக்க சால்னா. மழைத்தண்ணியில எண்ணெய் மினுங்கிட்டு ஓடுது. மல்லி, பட்டை மணம். புரோட்டா பொட்டலம் மட்டும் ஓரமா, பிரியாம கெடந்துது. யோவான் அத ஏன் எடுத்தான்னு அவனுக்கே தெரியாது. கையில சூடு தெரிஞ்சுது... ஜிபினுக்க கை அப்பமே குளுந்து போச்சு.

தூக்கியிருந்தா பாட்டு இன்னும் ஒண்ணரை நிமிஷம் ஓடியிருக்கும். யாராவது விழுந்திருப்பாவ, விழாமலும் இருந்திருப்பாவ. அந்த ஒண்ணரை நிமிஷத்துல லாரி வளைவத் தாண்டியிருக்கும். இதுதான் கணக்கு. யோவான் இத எத்தன ராத்திரி போட்டிருப்பான்னு அவனுக்க அம்மைட்ட கேளுங்க. சோறு இறங்காது. கோயில்ல பாவ அறிக்கை சொல்லுக நேரம் எல்லாரும் வாசிப்பாவ, இவன் மட்டும் வாயத் தொறக்கமாட்டான். ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்தக் கித்தாரத் தூக்க முடிஞ்சா... இதுதான் அவனுக்க ஜெபம்.

ஒரு வருஷம் கழிஞ்சுது. ஜிபினுக்க நினைவு நாள் ஜெபம். சபை ஐயரு வந்து ஜெபிச்சாரு, பாமாலை பாடினாவ, வந்தவங்க சாயாவும் பன்னும் சாப்பிட்டுட்டுப் போயாச்சு. மழை விடல்ல. யோவான், ஸ்ரீஜித், ஜாஸ்மி மூணு பேரும் நாற்காலிய அடுக்கிட்டு நிக்காவ. லீலாபாயம்மா கட்டிலுல இருந்துட்டு சொன்னாவ.

“மக்களே, அந்தப் பாட்ட ஒருக்கப் போடுங்க. ஒரு வருஷமா இந்த வீட்டுல சத்தமே இல்ல. எனக்குக் காது வலிக்கி.”

யாருக்கு மனசு வரும்? ஆனா கேக்கது பெத்தவ. டிவியத் தொடச்சு, ஒயரு மாட்டினாவ. டிரம்ஸ் வெளிய இல்ல. அந்தம்மா அதச் சாக்குல போட்டுக் கட்டி அலமாரிக்கு மேல வச்சிருந்தாவ. அதுல இருந்த பேட்டரிய சுவர் கடிகாரத்துக்குப் போட்டாச்சு. இதையும் ஓர்மையில வச்சுக்கிடுங்க. பேட்டரி கெடையாது.

ரெண்டு கித்தாரும் வந்துது. மைக்கு வந்துது. மூணு பேரு பேரும் டிவியில வந்துது. பாட்டத் தேடினாவ. அதே கடைசிப் பாட்டுல போய்த் தானா நின்னுது.

நாலாவதா ஒரு பேரு வந்துது.

ஜிபின்.

ஜாஸ்மி மைக்க விட்டுட்டா. ஸ்ரீஜித்துதான் சமாளிச்சான். “பழசு கெடக்கும் மக்கா. மெஷினுக்கு என்ன தெரியும்? சும்மா காட்டுகது.” சொன்னானே தவிர அவனே டிவிய விட்டு ஒரு அடி பின்னால போய்ட்டான். லீலாபாயம்மா கண்ண மூடிட்டு இருக்காவ. “போடுங்க”ன்னாவ.

பாட்டு தொடங்குச்சு.

டிரம்ஸ் பாதையில கட்டை இறங்குது. ஒவ்வொரு கட்டையும்... சரியா உடையுது. ஒண்ணு தப்பல்ல. அதோட அலமாரிக்கு மேல இருந்து ஒரு சத்தம். சாக்குக்குள்ள இருந்து, அமுங்கின சத்தம். ரப்பர்ல கம்பு விழுற சத்தம். தப்... தப்தப்... தப்... தப்தப்... சாக்கு அசையல்ல. சத்தம் மட்டும் வருது.

கூடவே ஒரு மணம். அடுக்களையில அடுப்பே எரியல்ல, சாயா கூட வெளியில இருந்து வந்தது. ஆனா அந்த ரூமுக்குள்ள... மல்லி, பட்டை. சூடா.

ஓட வேண்டியதுதானே? ஓடல்ல. ஸ்ரீஜித் பின்னால என்கிட்ட சொன்னான், “அண்ணே, பயம்தான். ஆனா ஒரு பக்கம் சந்தோஷமாவும் இருந்துது. நாலு பேரும் கூடிட்டோம்லா.” ஜாஸ்மி மைக்க எடுத்துப் பாடினா. கண்ணுல தண்ணி ஊத்துது, பாட்ட விடல்ல. லீலாபாயம்மாவுக்க கால் பைய தாளம் போடுது.

அந்த வேகமான எடம் வந்துது. தப்தப்தப்... தப்... பின்னிக்கிட்டு. டிரம்ஸ் பாதை சிவந்துது. ஜிபின் விழுந்துட்டான். சாக்குல சத்தம் நின்னுது.

யோவானுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல்ல. தூக்கினான். எப்படித் தூக்கினான்! ரெண்டு கையாலயும் தலைக்கு மேல... கித்தார் போய் டியூப் லைட்டுல இடிச்சு லைட்டு சிமிட்டுது. “எழும்புலே! எழும்புலே ஜிபினே!” ஒரு வருஷமா நெஞ்சுக்குள்ள கெடந்தது எல்லாம் அந்தக் கத்துல வந்துது.

டிரம்ஸ் பாதையில வெளிச்சம் வந்துது. தப்... தப்தப்... தப்...

வந்துட்டான்.

யோவான் அழுதான், சிரிச்சான். “மன்னிச்சிருலே”ன்னு சொல்லிட்டு, டிவியப் பாக்கத விட்டுட்டு அலமாரிய நிமுந்து பாத்தான். அதுதான் அவன் செஞ்ச தப்பு. அந்த நேரம் இவனுக்க பாதையில கட்டை அது பாட்டுக்கு இறங்கிட்டிருக்கு. அமுக்க ஆளில்ல. சிவந்துது... அணைஞ்சுது.

யோவான் விழுந்துட்டான்.

ஸ்ரீஜித்துகிட்ட வெளிச்சம் இல்ல. ஜாஸ்மிகிட்டயும் இல்ல. ஜிபின்கிட்ட இருந்துது. முழுசா, பாதை பளபளன்னு. அவனுக்குன்னு விடுற எடமும் சரியா அப்ப வந்துது. சாக்குக்குள்ள ஒரே முழக்கம்... சிவப்பு, மஞ்சள், நீலம், மாறி மாறி. அந்தப் பாட்டுல பச்சைக்கு வேற வேலையே கெடையாது. இந்த எடத்துல கடைசியா ஒரே ஒரு அடி. அது விழுந்தா யோவான் எழும்பிருவான்.

முழக்கம் ஏறுது... ஏறுது...

நின்னுது.

அடி விழல்ல.

பாட்டு அணைஞ்சுது. டிவியில யோவானுக்க பேரு மட்டும் சிவப்பா. ரூமுல மழைச் சத்தம் தவிர ஒண்ணும் இல்ல. அப்புறம் அலமாரிக்கு மேல இருந்து... மெதுவா...

டொக்.

டொக்.

லீலாபாயம்மா கண்ணத் தொறந்தாவ. பழக்கம்தான், வேற ஒண்ணும் நெனச்சுக் கேக்கல்ல. “இன்னைக்கு யாரு மக்கா போறது?”

யோவானுக்க கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு. வண்டிச் சாவி. கடிகாரத்துல ஆறு இருபது. மூஞ்சியில பயமே இல்லியாம். சட்டம்னா சட்டம், நான் விழுந்தேன், நான் போறேன்... அப்படி ஒரு மூஞ்சி. வாசப்படி இறங்கிட்டான். ஜாஸ்மி ஓடி வந்து சட்டையப் பிடிச்சுக்கிட்டா. “யோவான் அண்ணா, போகாத! எனக்கு இன்னொரு அண்ணன் போகாண்டாம்!” சாவியப் பிடுங்கி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டா. ராத்திரி முழுக்க மூணு பேரும் லீலாபாயம்மா கட்டிலச் சுத்தி இருந்தாவ. யாரும் உறங்கல்ல.

விடிஞ்சு, ஸ்ரீஜித் ஸ்டூல் போட்டு சாக்க இறக்கினான். முடிச்சு ஒரு வருஷம் முன்ன போட்ட முடிச்சு, கையால அவுக்க முடியல்ல, அறுத்தான். உள்ள எல்லாம் தூசி. சிவப்புத் தட்டுல தூசி இல்ல. மஞ்சள்ல இல்ல. நீலத்துல இல்ல. பச்சைத் தட்டுல மட்டும்... ஒரு வருஷத் தூசி, விரல் படாம, அப்படியே.

அதப் பாத்ததுக்கு அப்புறம்தான் யோவான் ஒடிஞ்சு போனான். “கை தவறிச்சுன்னு நெனச்சேன். இல்ல. அவன் வேணும்னே அடிக்கல்ல. அவன் என்ன மன்னிக்கல்ல அண்ணே.” என்கிட்டயே சொன்னான்.

அன்னைக்குல இருந்து ஒரு வருஷம். சாயங்காலம் ஆறு இருபதுக்கு எங்க இருந்தாலும் அவனுக்குக் கேக்குமாம். ஆபீஸ்ல மேசையில, பஸ்ஸுல கம்பியில. டொக்... டொக்... போகலியான்னு கேக்க மாதிரி. வண்டிய வித்துட்டான். பார்சல் கடைப் பக்கமே தலை வச்சுப் படுக்கமாட்டான்.

இன்னைக்கு போயிருக்கான். அதுவும் ஸ்மைலினுக்க வண்டியில.

ஏலே ஸ்மைலின், முருங்கைக்காயக் கீழ வை. அவன் சாவி கேக்கும்போ நீதானே கொடுத்த? என்ன சொன்னான்?... “கூப்பிட்டாச்சு, போயிட்டு வாறேன்”னா? யாரு கூப்பிட்டா? நீ கூப்பிட்டியா? நான் கூப்பிடல்ல. மணி என்ன இருக்கும் அப்ப?

...ஆறு இருபதா?

இப்ப மணி எட்டாகப் போவுது. கோட்டாறு என்ன, மெட்ராஸா? போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. யாரும் பேசாதிங்க.

அடிக்கி... எடுத்துட்டான்.

“ஏலே, என்ன எல்லாரும் செத்த வீடு மாதிரி சத்தமில்லாம இருக்கிய? சுயம்பு அண்ணன் கதை சொல்லுகாரா? வாறோம், இடலாக்குடி தாண்டியாச்சு. கடையில கூட்டம். சுடச்சுட வாங்கியிருக்கு, இலையப் போட்டு வையுங்க.”

கேட்டியளா அவன் சிரிக்கத? ரெண்டு வருஷமாச்சு இந்தச் சிரிப்பக் கேட்டு. யோவானே... மக்கா... மழையா இருக்குலே. பைய வா. தனியா வாற, சால்னா வேற இருக்கும். ஓரமா நிறுத்து, நாங்க யாராவது வாறோம்.

“ஐயோ, நீங்க ஒருத்தரும் வராண்டாம் அண்ணே. சால்னா சிந்தாது. இவன் பின்னால மடியில வச்சுப் பிடிச்சிருக்கான்.”

...வச்சுட்டான்.

யாரு கூடப் போனது? எழும்பி நில்லுங்க எல்லாரும். ஜெனிஷ்... ராஜன்... ஸ்மைலின்... நீ... எல்லாரும் இங்கதானே இருக்கிய?

சத்தம் கேக்கா? முக்குல... ஆமா, நம்ம வண்டிதான்.

பிரீனா, நீ உள்ள போ மக்கா. ஸ்மைலின், கேட்டத் தொறந்து விடு. இலையப் போடுங்க எல்லாருக்கும்.

ஒண்ணு கூட்டிப் போடு.